பொன்சாய் மரங்களுக்குக் கம்பி சுற்றுதல்

யப்பானிற் சிறப்புற்ற பொன்சாய்க் கலையில், சாடியில் வளரும் மரத்தின் கிளைகளை விரும்பிய வடிவிற்குக் கொணர்வதற்குக் கம்பி சுற்றப்படும். தீயிற் காய்ச்சி மென்மையாக்கிய செப்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ இதற்கு ஏற்றது. புதிதாகப் பயில்வோர்க்கு அலுமினியமே நன்று.

கம்பியின் தடிப்பு கிளையின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காயிருத்தல் வேண்டும். அதன் ஒரு முனையை அடிமரத்திற் சுற்றி உறுதியாக்கிய பின், கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கி 45 பாகைச் சரிவிற் சுற்றுக. இலைகள் கம்பிக்குள் அகப்படலாகாது. பின்னர் இரு கைகளாலுந் தாங்கிச் சிறிது சிறிதாக வளைத்தல் வேண்டும். வெடிப்போசை கேட்பின் உடனே நிறுத்துக.

வளைந்த கிளை தடித்து வளரும்போதே அவ்வடிவம் நிலைபெறும். ஆயின், அவ்வளர்ச்சியினாலேயே கம்பி பட்டையிற் புதையவுங் கூடும். அத்தழும்பு பல ஆண்டுகள் மறையாது. ஆல், இத்தி ஆகியன விரைவில் தடிப்பனவாதலால் வாரந்தோறும் பார்வையிடுதல் அவசியம். கம்பி இறுகத் தொடங்கியவுடன், அதைச் சுழற்றிக் கழற்றாது, ஒவ்வொரு சுற்றாக வெட்டி அகற்றுக. கிளை பழைய நிலைக்கு மீளுமாயின், முன்பு பட்ட இடத்தைத் தவிர்த்து மீண்டுஞ் சுற்றலாம்.