எஃப்.ஐ.வி. உள்ள பூனையை வளர்ப்போருக்கு

தெருவிலிருந்து மீட்கப்பட்ட பூனைக்கு, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்.ஐ.வி. கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்ததும் வேண்டாமென்று விலகுவோர் பலர். ஆனால், 1986-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இக்கிருமி மனிதரைத் தொற்றுவதில்லை என்பதும், பெரும்பாலும் ஆழமான கடிக்காயத்தின் வழியாகவே பூனைக்குப் பூனை பரவுகிறது என்பதும் தெரிந்தால் அந்தப் பீதி பாதி அடங்கிவிடும். கருத்தடை செய்து, வெளியே விடாமல், பச்சை மாமிசத்தை அறவே விலக்கி வேகவைத்த ஆகாரமே கொடுத்து வந்தால், அப்பூனை பல வருஷங்கள் சௌக்கியமாக வாழக்கூடும்.

விசேஷமாகக் கவனிக்க வேண்டியது வாய்: ஈறு சிவந்து, எச்சில் வடிய, ஆவலோடு தட்டருகே வந்தும் உண்ணாமல் திரும்புமானால், அதைப் பிகு என்று எண்ணிவிடாமல் (பூனைக்கு அதுவும் உண்டுதான்) வலியென்றே கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுவது அவசியம். ஆறு மாதத்துக்கொருமுறை எடை பார்க்கவும். குட்டியாயின், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே சோதனையில் தென்படக்கூடுமாதலால், ஆறு மாதம் நிரம்பியபின் மறுபடி சோதிக்காமல் முடிவு கட்டலாகாது.