உயிரணுவின் சாவும் சாயத்தின் சாட்சியும்

இலை துளிர்ப்பது போலவே உதிர்வதும் இயற்கையின் ஒழுங்கு. நம் உடலிலும் நாள்தோறும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் தாமே மடிந்து, புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. இத்திட்டமிட்ட இறப்புக்கு 1972ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் மூவர் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். இலை உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றின் வளர்ச்சியில் தோன்றும் 1,090 உயிரணுக்களுள் 131 தவறாமல் மடிகின்றன. இப்புழுவை ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோர் 2002இல் நோபல் பரிசு பெற்றனர்.

மடிய மறுக்கும் அணுக்கள்

புற்றணு இவ்வொழுங்கை மீறுகிறது. மூளைப் புற்றுகளுள் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவில், பழுதுற்ற அணுவை மடியத் தூண்டும் பி-53 காவல் அமைப்பு பெரும்பாலும் சீர்கெட்டிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் குமாரவேல் சோமசுந்தரம் குழுவினர் இந்நோயின் மரபணு மாற்றங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உறங்கும் சாவுக் கட்டளையை மருந்தால் எழுப்ப முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

எவ்வாறு கண்டறிவது?

சாயப் பட்டறைகள் நிறைந்த நம் குமாரபாளையத்தாருக்கு இதை விளக்குவது எளிது என்று எண்ணுகிறேன். பருத்திக்கு நிறமூட்டப் பயன்பட்ட டிரிப்பான் நீலம் ஆய்வுக்கூடத்திலும் உண்டு. உயிருள்ள அணுவின் சவ்வு அச்சாயத்தை உள்ளே விடாது. இறந்த அணுவோ நீலமாகிவிடும். எம்.டி.டி. சோதனையில், உயிருள்ள அணுக்கள் மஞ்சள் நிறப் பொருளை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் அணுக்கள் இறந்திருக்கலாம். வளராமல் நின்றும் இருக்கலாம்.

ஆகவே, எத்தனை இறந்தன என்பது மட்டும் போதாது. எப்படி இறந்தன என்பதும் தெரிய வேண்டும். நஞ்சால் தாக்குண்ட அணு வீங்கி வெடித்து, உள்ளிருப்பதைக் கொட்டி, அண்டை அணுக்களுக்கு அழற்சி தரும். திட்டப்படி மடியும் அணுவோ சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரியும். அண்டை அணுக்கள் அவற்றை விழுங்கிவிடும். மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளையில் வீக்கத்துக்கு இடமேது?

இவ்வேறுபாட்டை அனெக்சின் சோதனை காட்டுகிறது. மடியத் தொடங்கும் அணுவில், சவ்வின் உட்புறத்தே இருக்க வேண்டிய ஒரு கொழுப்புப் பொருள் வெளிப்புறம் திரும்பும். பச்சையாய் ஒளிரும் அனெக்சின் அதைப் பற்றிக்கொள்ளும். சிவப்பாய் ஒளிரும் புரோப்பிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த அணுவில் மட்டுமே நுழையும். பச்சை மட்டும் தெரிந்தால் திட்டமிட்ட இறப்பின் தொடக்கம். இரண்டும் தெரிந்தால் அதன் இறுதிக் கட்டம் அல்லது வேறுவகை இறப்பு. இரண்டும் இல்லையேல் அணு நலமாயிருக்கிறது. ஐயம் நீங்க, காஸ்பேஸ் நொதிகளின் செயலையும், டி.என்.ஏ. ஏணிப்படிகள்போல் துண்டாகியிருப்பதையும் காண்பார்கள்.

எச்சரிக்கை வேண்டும்

‘இந்த இலைச்சாறு மூளைப் புற்றை அழிக்கிறது’ என்று செய்தி வந்ததும், நோயாளியின் வீட்டார் மருத்துவத்தை நிறுத்திவிட எண்ணக்கூடும். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கண்ணாடித் தட்டில் அணு மடிவது முதற்படி மட்டுமே. அதே அளவு மருந்து நல்ல அணுக்களைக் கொல்லாதிருக்க வேண்டும். இரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதையும் விடாத தடுப்பை அது கடக்க வேண்டும். பிறகு விலங்குகளிலும் மனிதரிலும் சோதனைகள் நடைபெற வேண்டும்.

ஆய்வுக்கு எடுக்கும் அணுவின் பிறப்பும் சரிபார்க்கப்பட வேண்டும். 1960களில் சுவீடனின் உப்சாலாவில் உருவாக்கிய யு-87 என்னும் அணுவரிசையை உலகெங்கும் பயன்படுத்தினர். இன்று பரவலாக வழங்கும் யு-87, அந்த மூல நோயாளியின் கட்டியோடு ஒத்துப்போகவில்லை என 2016இல் வெளிப்பட்டது!

மாணவ நண்பர்களே! ஆய்வுச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது, ‘எந்த அணு, எந்த அளவு, எவ்வகை இறப்பு, நல்ல அணுவின் நிலை என்ன?’ என்று கேளுங்கள். இந்நான்கு கேள்விகளைக் கேட்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விழிப்புள்ள அறிவு போதும்.