வாள்வீரன் எழுதிய நூல்

ஜப்பான் தேசத்தின் தென்பாலுள்ள கியூஷு தீவில், குமமோட்டோ நகரையடுத்த ரெய்கண்டோ என்னும் மலைக்குகையில், 1643-ஆம் ஆண்டு, 60 பிராயம் எய்திய வாள்வீரன் ஒருவன் நூலெழுதத் தொடங்கினான். மியமோட்டோ முசாஷி என்பது அவன் பெயர். வாள் பிடித்துப் பழகிய கை எழுதுகோல் பிடிப்பது அரிது. பிடிப்பினும் பெரும்பாலும் தன் வெற்றிகளையே வரைந்து செல்லும். இவன் அவ்வாறு செய்தானல்லன்.

13-ஆம் பிராயத்தில் முதற்போர், அதுமுதல் 29 வரை 60-க்கு மேற்பட்ட தனிப்போர்கள், ஒன்றிலும் தோல்வியில்லை. இவ்வளவையும் நூன்முகத்தில் சில வரிகளிலேயே கூறி முடித்துவிடுகின்றான். 1612-இல் சிறு தீவொன்றில் சசாக்கி கோஜிரோ என்பானை அவன் வென்றதாகவும், படகுத் துடுப்பையே மரவாளாகச் செதுக்கிக்கொண்டு சென்றதாகவும் ஜப்பானியர் இன்றும் கதை கூறுவர். நூலிலோ அப்போரைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை!

முப்பது கடந்தபின் தன் வெற்றிகளையே அவன் ஐயுற்றான். தான் வென்றது கலைத் தேர்ச்சியினாலன்றி, பிறவித் திறத்தாலோ, தெய்வச் செயலாலோ, எதிரிகள் பயின்ற முறைகளின் குறைபாட்டாலோ இருத்தல் கூடும் என்று எண்ணினான். தோல்வியால் சிந்திப்பார் பலர். வெற்றியால் சிந்திப்பார் யாவர்? ஏறத்தாழ 50 பிராயமளவும் மீண்டும் பயின்றான். மைத்தூரிகையால் ஓவியமும் தீட்டினான். பட்ட கிளையின் உச்சியிற் கீச்சான் குருவி அமர்ந்திருக்க, அக்கிளைமீது புழுவொன்று ஊர்ந்தேறும் அவனது சித்திரம் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது.

நிற்க. அவனது நூல் நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து பகுதிகளையுடையது. நம் நாட்டினர் நன்கறிந்த இவ்வைந்து பூதங்களும் பௌத்த சமயத்தின் வழியே அத்தேசம் புகுந்தவை. ஆயினும் பௌத்த நூற்சொற்களையோ, கன்பூசியர் மொழிகளையோ, பழம்போர்க் கதைகளையோ தான் கடன் வாங்கவில்லையென்று முதலிலேயே கூறிவிடுகின்றான். உவமை வேண்டியபோது அவன் நாடியது தச்சனிடம். கணுவற்ற நேரிய மரம் முன்தூணுக்கு ஆகும். சிறு கணுவுடையதாயினும் உறுதியானது பின்தூணுக்கு ஆகும். வலிவு குறைந்தும் அழகுடையது கதவு முதலியவற்றுக்கு ஆகும். கணுவும் கோணலும் உடையதேனும் வலிய மரம் வீட்டின் தாங்குமிடங்களுக்கு ஆகும். மற்றையது சாரத்துக்கும், பின்னர் விறகுக்கும் ஆகும். படைத்தலைவன் வீரரைத் தெரிந்து நிறுத்துவதும் இவ்வாறே என்கின்றான். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களும் இப்பகுதியைச் சற்றே நோக்குதல் நன்று.

காற்று என்னும் பகுதி பிற பள்ளிகளின் வாள்முறைகளை ஆராய்வது. ஜப்பானிய மொழியிற் காற்றைக் குறிக்கும் சொல்லுக்கு முறை, பாணி என்னும் பொருளும் உண்டாதலின் அப்பெயர் பொருந்திற்று. நெடுவாளையே நம்புவோரையும் குறுவாளையே நம்புவோரையும் ஒருங்கே மறுக்கின்றான். ஒரு படைக்கலத்தில் மட்டும் பற்றுவைத்தல் அவனுக்கு உடன்பாடன்று. வெளி என்னும் இறுதிப் பகுதி மிகச் சிறிது.

1645-இல், இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தெராவோ மகோனோஜோ என்னும் மாணாக்கனிடம் அந்நூலை அளித்தான். அவன் கைப்பட எழுதிய ஏடு இன்று கிடைத்திலது. பிறர் பெயர்த்தெழுதிய பிரதிகளே எஞ்சியுள்ளன.