எக்கோ சரி என்றால் அடைப்பு இல்லை என்றாகாது

"எக்கோ எடுத்தாச்சு, ஒரு பிரச்சினையும் இல்லையாம்." வெள்ளவத்தை பிளாட்டுகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் காதில் விழும் இந்த ஆறுதல் எனக்குக் கவலையைத்தான் தருகிறது. எக்கோ இருதயத் தசையையும் வால்வுகளையும் இரத்தத்தைத் தள்ளும் பலத்தையும் காட்டும். அறிக்கையில் ‘ஈ.எஃப். 60%’ என்றிருந்தால், இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் 60 வீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது, நல்ல கணக்குத்தான். ஆனால் இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளில் அடைப்பு இருக்கிறதா என்பதை அது நேராகக் காட்டாது. பெரிய அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் எடுத்த எக்கோ சாதாரணமாக வரலாம்.

ஆகவே சனல் பண்ணிப் போகும்போது, "எதை அறிய இந்த ஸ்கான்?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, வால்வில் இரைச்சல் என்றால் எக்கோவே முதல். கதிர்வீச்சு இல்லை. தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலவிலும் கிளினிக் வழியாக இலவசம். திகதிக்குக் காத்திருக்க வேண்டும்.

படியேறினால் நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுவிடுகிறதா? அடைப்பைப் பார்க்க சி.டி. அஞ்சியோகிராம். இத்தகைய நெஞ்சு நோவுக்கு பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 2016 முதல் இதையே முதல் சோதனையாகச் சொல்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவில் இருந்தால் படம் தெளிவாக வரும். அதற்காகத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை முன்கூட்டியே தருவார்கள். கைநரம்பில் அயடீன் மருந்து ஏறியதும் உடம்பெங்கும் சூடு பரவும், பயப்பட வேண்டாம். மூச்சை அடக்கிய சில செக்கனில் படம் முடிந்துவிடும். ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்கள் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை பார்க்காமல் போகவே கூடாது. மெட்போமின் குடிப்பதையும் சொல்லுங்கள்.

நாடியில் கல்சியம் நிறையப் படிந்த முதியவர்களுக்கு சி.டி. அடைப்பைக் கூட்டிக் காட்டும். அவர்களுக்கும் சிறிய ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ அல்லது நியூக்ளியர் ஸ்கான் பொருந்தும். தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பதை அவை சொல்லும். நியூக்ளியர் ஸ்கானுக்கு முதல் நாளே பிளேன்டீயையும் நிறுத்தச் சொல்லலாம். தேயிலையிலுள்ள கஃபீன் அந்த ஸ்கானுக்கு ஏற்றும் சில மருந்துகளின் வேலையைக் கெடுக்கும்.

எம்.ஆர்.ஐ. தசையின் தழும்பையும் அழற்சியையும் நன்றாகக் காட்டும். செலவு அதிகம், நேரமும் அதிகம். மற்றவை விடை தராதபோது போதும்.

ஓய்விலும் நெஞ்சு நோ, வியர்வை, கைக்கு இழுப்பு என்றால் எந்த ஸ்கானுக்கும் திகதி தேடாதீர்கள். 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.