தாயும் பிள்ளையும் காணாமற் போனால் யார் பேசுவது?



ஒரு தோட்டத்தில் ஒரு இளம் தாய் கைப்பிள்ளையோடு காணாமற் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் எல்லாரும் தேடுவோம். இரண்டாம் நாள் லயத்தில் பேச்சு மாறும். "எவனோடயோ ஓடிப் போயிருப்பா" என்று ஒருத்தர் சொல்லுவார். "கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருப்பா" என்பார் இன்னொருத்தர். ஒரு மாதத்தில் பேச்சும் நின்று போகும். அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை, அவர்களைப் பற்றி எழுதி வைத்த கடதாசியும் இல்லை என்றால், அப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே மறந்து போகும்.

பிள்ளை காணாமற் போனால் தாய் அழுது கேட்பாள். தாய் காணாமற் போனால் பிள்ளை அழும். இரண்டு பேரும் ஒன்றாகப் போனால் கேட்பது யார்? மிச்சம் இருக்கும் நாம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தப் பாடம்.

கல்முனையில் கிடைத்த குழந்தை

மலையில் இருக்கிற நமக்குக் கடல் தூரம். ஆனாலும் அம்பாறைக் கரையிலிருந்து நாம் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், சாகாமம் என்று முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இலங்கையில் சுமார் 35,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். மாவட்டங்களில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறைதான். அங்கே மட்டும் 10,000 பேருக்கு மேல்.

அன்றைக்கு இடிபாட்டுக்குள் உயிரோடு கிடந்த ஒரு ஆண் குழந்தையைத் தூக்கிக் கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் தெரியாது. ஆஸ்பத்திரிப் பதிவில் 81ஆவது ஆள் என்பதால் "81ஆம் இலக்கக் குழந்தை" என்றே உலகமெல்லாம் பேர் வந்தது. ஒன்பது குடும்பங்கள் உரிமை கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் முறைப்படி வழக்குக்கு வந்தது ஒரே ஒரு தம்பதிதான். அவர்களுடைய வீட்டோடு கடதாசிகளும் கடலில் போய்விட்டன. கண்ணால் பார்த்து "என் பிள்ளை" என்று சொன்னால் மட்டும் நீதிமன்றத்துக்குப் போதுமா? போதாது. மரபணுப் பரிசோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி 14 அன்று, அவர்கள்தான் பெற்றோர் என்ற முடிவு வந்தது. இரண்டு நாளில் பிள்ளை தாயின் கைக்கு வந்தது.

இந்த ஒரு குழந்தைக்கு நியாயம் கிடைத்ததற்குக் காரணம் இரண்டு. பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. பெற்றோரும் உயிரோடு இருந்து விடாமல் கேட்டார்கள். அதே கரையில் தாயும் பிள்ளையுமாகக் கடல் கொண்டு போனவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. அவர்களுக்காகக் கேட்க ஒரு அம்மம்மா, ஒரு தம்பி, ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான் இருந்தார்.

மனிதர் கையால் காணாமற் போனவர்கள்

கடல் மட்டும் ஆட்களைக் கொண்டு போகவில்லை. 1990 ஜூனில் கிழக்கில் யுத்தம் மறுபடி மூண்டது. அந்த வருடம் ஜூலையில், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்களைக் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டு போனார்கள். அவர்கள் வீடு திரும்பவில்லை. செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் 158 பேரைப் படையினர் கொண்டு போனார்கள். அவர்களும் திரும்பவில்லை. முதல் சம்பவத்துக்குப் புலிகள்மீது குற்றச்சாட்டு, இரண்டாவதுக்கு அரச படைமீது. இரண்டு பக்கத்துத் தாய்மாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கே?"

அர்ஜென்டினாவின் அம்மம்மாமார்

தாயும் பிள்ளையும் சேர்ந்து மறைந்தபோது மிச்சம் இருந்தவர்கள் என்ன செய்யலாம் என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் தென்னமெரிக்காவின் அர்ஜென்டினா நாடு. 1976 முதல் 1983 வரை அங்கே இராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பிடித்துக் கொண்டு போனார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள். தாய்மாரைக் கொன்றுவிட்டுப் பிள்ளைகளை வேறு குடும்பங்களுக்குப் பொய்ப் பெயரில் கொடுத்தார்கள். அப்படிப் பறிபோன பிள்ளைகள் சுமார் 500 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் 1977இல் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவர் "சிச்சா" மரியானி. பள்ளிக்கூடத்து ஆசிரியை. 1976 நவம்பர் 24 அன்று லா பிளாட்டா நகரில் அவருடைய மகனின் வீட்டைப் படையினர் தாக்கினார்கள். மருமகள் கொல்லப்பட்டார். மூன்று மாதப் பேத்தி கிளாரா அனாஹியைக் காணவில்லை. பேத்தி உயிரோடு கொண்டு போகப்பட்டாள் என்று நம்பி, பாட்டி 40 வருடத்துக்கு மேல் தேடினார். 2015 டிசம்பரில் பேத்தி கிடைத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. மரபணுப் பரிசோதனை "இல்லை" என்றது. 2018இல் பாட்டி கண்மூடினார். பேத்தி யார், எங்கே என்பது தீராத கேள்வியாகவே நின்றது.

அப்படியென்றால் அந்தப் பாட்டியின் உழைப்பு வீணா? இல்லை. பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டன் பாட்டியின் இரத்தத்தை வைத்தே பிள்ளையை அடையாளம் காண வழி உண்டா என்று இந்தப் பாட்டிமார் விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். அமெரிக்க மரபணு விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் அதற்கு வழி செய்து கொடுத்தார். 1987இல் அந்த நாட்டில் சட்டம் போட்டு மரபணு வங்கி அமைத்தார்கள். பாட்டிமார் இறந்தாலும் அவர்களின் மாதிரி அங்கே காத்திருக்கும். இதுவரை 130 பேருக்கு மேல் தங்கள் உண்மையான குடும்பத்தை அறிந்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மரபணுவில் ஒரு பகுதி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆகவே காணாமற் போன தாயின் அம்மா, கூடப்பிறந்த அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி எல்லாரிடமும் அந்த அடையாளம் இருக்கிறது. "எங்களிடம் என்ன சாட்சி இருக்கு?" என்று கேட்க வேண்டாம். உங்கள் உடம்பிலேயே சாட்சி இருக்கு.

பொய்க் கடதாசியும் பிள்ளையை மறைக்கும்

நம் நாட்டிலும் பிள்ளைகள் கடதாசியால் மறைக்கப்பட்டார்கள். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து சுமார் 11,000 பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாக மதிப்பீடு. அவற்றில் பலவற்றில் பொய்ப் பதிவு நடந்தது, பெற்ற தாய்க்குப் பதிலாக வேறு பெண்ணைத் தாய் போல நிறுத்தினார்கள் என்பது 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி விசாரணையில் வெளிவந்தது. தத்துச் சட்டத்தை இலங்கை 1992இலேயே இறுக்கியிருந்தது. 2021இல் நெதர்லாந்து அரசு இப்படி நடந்த தத்துகளுக்காக மன்னிப்புக் கேட்டது. வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகள் இப்போது வந்து தாயைத் தேடுகிறார்கள். கையிலுள்ள சான்றிதழிலோ வேறு பெயர்.

ஆகவே சரியான கடதாசி என்பது அலங்காரம் இல்லை. அது பிள்ளைக்குக் காவல்.

காணாமற் போனால் என்ன செய்ய வேண்டும்?

1. அன்றைக்கே பொலிசில் என்ட்ரி போடுங்கள். 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தாயின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "பிள்ளையோடு போனாள்" என்று மட்டும் எழுதினால் பிள்ளையை யாரும் தேடமாட்டார்கள்.

2. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளங்கின பிறகு கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பெயர் மூன்றையும் குறித்து வையுங்கள்.

3. பிள்ளைக்காக 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும், பெண்ணுக்காக 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் சொல்லுங்கள். கிராம சேவகருக்கும் குடும்ப நல மாதுவுக்கும் அறிவியுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் விசாரியுங்கள்.

4. கடைசியாக யார், எங்கே, எத்தனை மணிக்குக் கண்டார், என்ன உடுத்திருந்தாள், எந்த பஸ் ஏறினாள் என்பதை அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஞாபகம் மங்கும், எழுத்து நிற்கும்.

5. படம், கிளினிக் காட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் பிரதி மட்டும் கொடுங்கள். மூலத்தைக் கையை விட்டு விடாதீர்கள்.

6. அரச உத்தியோகத்தரோ படையினரோ கொண்டு போனதாகச் சந்தேகம் இருந்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சட்டத்தரணி மூலம் ஆட்கொணர்வு மனுவும் போடலாம்.

7. யுத்தம், கலவரம், அரசியல் குழப்பம் காரணமாகக் காணாமற் போனவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இருக்கிறது. அதே வருடம் வந்த இன்னொரு சட்டப்படி, "ஆள் காணக்கிடைக்கவில்லை" என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம். இது மரணச் சான்றிதழ் இல்லை. "செத்துவிட்டார்" என்று கையெழுத்துப் போடாமலே, மிச்சமிருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு, சொத்து, உதவிப்பணம் போன்ற காரியங்களைப் பார்க்க இது உதவும். மனம் ஒப்பாத குடும்பத்தை மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி யாரும் நெருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில பெண்கள் வீட்டில் அடி உதை தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. அப்படிப் போனவள் கிடைத்தால், திரும்பி வரும்படி கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். அவள் சுகமாக இருக்கிறாளா என்பதுதான் நம் கேள்வி. அதற்காகவும் முறைப்பாடு வேண்டும். "ஓடிப் போயிட்டா" என்ற ஒரு பேச்சை வைத்து யாரும் தேடலை நிறுத்தக் கூடாது. உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவளை அந்தப் பேச்சுத்தான் சாகடிக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

நம் லயங்களும் ஆபத்துக்கு வெளியே இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் போன எல்லாரையும் எடுக்க முடியவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலிலும் மலையகத்தில் மண்சரிந்து பலர் காணாமற் போனார்கள். இப்படி நடக்கும்போது முதலில் கேட்கப்படுவது, "அந்தக் காம்பராவில் எத்தனை பேர் இருந்தாங்க? பேர் என்ன?" என்பதுதான். செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளியைக் கணக்கிடுவார்கள். வேலைக்குப் பேர் பதியாத இளம் தாயையும் பதியாத பிள்ளையையும் யார் கணக்கிடுவது?

பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பிறப்பைப் பதிந்து சான்றிதழைக் கையில் எடுங்கள். தோட்ட நிர்வாகம் அறிவித்திருக்கும் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அடையாள அட்டை, கலியாணப் பதிவு, கிளினிக் காட் எல்லாவற்றின் பிரதியையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ஒரு செற் வீட்டிலும் இன்னொரு செற் வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள். கல்முனையில் அந்தத் தம்பதியின் கடதாசியைக் கடல் கொண்டு போனது. நம் கடதாசியை மண் கொண்டு போகலாம்.

கூடிப் பேச வினாக்கள்

1. உங்கள் லயத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? யார் அவர்களை அழைத்துப் போவது?

2. ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் உங்கள் தோட்டத்தில் முதல் நாள் என்ன பேசுகிறார்கள்? அந்தப் பேச்சு தேடலுக்கு உதவுகிறதா, தடுக்கிறதா?

3. முன்பு காணாமற் போய், இன்றும் முறைப்பாடு எழுதப்படாத ஆள் உங்கள் குடும்பத்தில் உண்டா? உண்டென்றால் எந்த அலுவலகத்துக்குப் போகலாம்?

மூன்றாவது வினாவுக்கு "உண்டு" என்று பதில் வந்தால், வருடம் எத்தனை போனாலும் வெட்கப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம். அந்தத் தாயின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்காகப் பேச வேறு ஆள் இல்லை.