தலைப்பாகைக் கங்காணியின் பெயர் என்ன?

ஊர்க்கதை சேர்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு வெலிமடையிலிருந்து எழுதுகிறேன். ஊவாவில் கதை தேடிப் புறப்பட்டால் இராவணனும் சீதையும் முதல் நாளே கிடைத்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆளுக்குக் குறைவில்லை. கதைகளின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்கிறவர்களை நீங்கள் தேட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

1. கதையை முதலில் முழுதாகக் கேளுங்கள்.

பண்டாரவளைக்கு 1894இல் வந்த ரயில் பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. இடையில் இருப்பது தெமோதரை. அங்கே பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. இந்தச் சரிவை எப்படி இறக்குவது என்று தெரியாமல் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர யோசித்துக்கொண்டு நின்றாராம். பக்கத்தில் நின்ற தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினாராம். துணி சுற்றின்மேல் சுற்றாக ஏறியதைப் பார்த்ததும் பொறியியலாளருக்கு வழி பிறந்ததாம்.

இதைச் சொல்லும் தாத்தாவை நடுவில் மறிக்க வேண்டாம். ஆதாரம் கேட்டால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட நீங்கள் பேசாமலே இருங்கள்.

2. வீட்டுக்கு வந்து சரிபாருங்கள். சரியில்லை என்று பட்டாலும் கதையை வீசிவிடாதீர்கள்.

டார்ஜிலிங் மலைப்பாதையில் 1881இலேயே இப்படிப்பட்ட வளையங்கள் இருந்தன. சுவிற்சர்லாந்தின் கொத்தார்ட் பாதை மலைக்குள்ளேயே சுழன்று ஏறியது 1882இல். ஆகவே தெமோதரைக்கு வழி கண்டுபிடிக்கத் தலைப்பாகை தேவைப்பட்டிராது. அப்படியானால் நம் ஆட்கள் ஏன் இதை நூறு வருடமாகச் சொல்கிறார்கள்? அந்தப் பாதையில் நம்மவரின் உழைப்பு மட்டுமல்ல, புத்தியும் இருக்கிறது என்று அவர்கள் உரிமை கோருகிறார்கள். எனக்கு அது பெரிய செய்தி. ஆனால் பாருங்கள், அந்தக் கதையிலும் பொறியியலாளருக்கு முதலெழுத்தோடு பெயர் இருக்கிறது. கங்காணிக்கு இல்லை. குறிப்பேட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, எந்தத் தோட்டம், யார் வீட்டு ஆள் என்று போகுமிடமெல்லாம் கேளுங்கள். ஆளுக்கொரு தோட்டத்தைச் சொல்வார்கள். அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஊர் சொல்வதை ஒரு பக்கத்திலும் கல்லும் காகிதமும் சொல்வதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள்.

மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் பதுளையில் வெள்ளைக்கார அரசின் அதிகாரி. 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவரை அடக்கம் செய்தார்கள். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. இவ்வளவும் காகிதப் பக்கம். யானைகளின் சாபத்தால்தான் இடி விழுந்தது, செத்த பிறகும் அது விடாமல் கல்லறையைத் திரும்பத் திரும்பத் தாக்குகிறது என்பது ஊர்ப் பக்கம். இலங்கையிலுள்ள கல்லறை வாசகங்களையும் நினைவுக் கல்வெட்டுகளையும் திரட்டி ஜே. பென்றி லூயிஸ் 1913இல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். வெள்ளைக்காரர் கல்லறை எதைப் பற்றி எழுதினாலும் அதைத் தேடிப் பாருங்கள். தோட்டத்துச் சுடுகாட்டுக்கு அப்படி ஒரு நூல் கிடையாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

4. சுற்றுலாப் பலகைக்கு முந்திய கதையைத் தேடுங்கள்.

சீதை தன் தூய்மைக்குச் சத்தியம் செய்த இடம் என்று திவுரும்பொல விகாரையைக் காட்டுகிறார்கள். இராவணன் அவளை மறைத்துவைத்த இடம் என்று வெலிமடைக்குப் பக்கத்திலுள்ள ஸ்திரீபுரக் குகையைக் காட்டுகிறார்கள். வால்மீகியில் இந்த ஊர்ப் பெயர்கள் இல்லை. இராமாயணத் தலங்கள் என்று பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கியது இந்த நூற்றாண்டில். அதற்கு முன்பே தன் பாட்டியிடம் இதைக் கேட்டவர் ஒருவர் கிடைத்தால் அவர் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு. யாரிடம், எந்த வயதில் கேட்டார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். சிங்களக் கிராமத்தவர் சொல்வதையும் கேளுங்கள், அவர்கள் கதை வேறு மாதிரிப் போகும்.

5. மலையகத் தமிழரான நம் கதை கோப்பித் தோட்டங்களோடுதான் தொடங்குகிறது என்று நினைக்காதீர்கள்.

பிள்ளைகள் அதற்கு முந்திய கதையை அறியாமலே வளர்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கெப்பட்டிபொல என்றால் இன்று நமக்கு மரக்கறி லொறிகள் நிற்கும் பொருளாதார மத்திய நிலையம். அந்தப் பெயருக்குரியவர் ஊவாவின் திசாவை. 1817இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய அவர், கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவரைச் சிரச்சேதம் செய்தார்கள். மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் கண்டி மண்ணுக்குத் திரும்பியது.

இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்தக் கிளர்ச்சி யாரை அரசனாக்க நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். வில்பாவ என்ற முன்னாள் பிக்கு ஒருவர், தான் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் அரச குடும்பத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாடிழந்த கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்த காலம் அது. ஊவாவின் சிங்களக் கிராமங்கள் திரண்டது துரைசாமி என்ற பெயரைச் சொல்லித்தான். அவர் உண்மையான துரைசாமி இல்லை என்பது பின்னால் வெளிப்பட்டது. இருந்தாலும், அரசனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட சிங்களவர் ஒருவர் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாரே! தோட்டங்கள் இந்த மலைகளுக்கு வருமுன் நடந்தது இது. நீங்களும் வந்தேறிகள்தானே என்று யாராவது பேசும்போது இதைச் சண்டைக்கு எடுக்காதீர்கள். நிதானமாகச் சொல்லுங்கள், கேட்கிறவர் யோசிப்பார்.

6. துரைமாருக்குப் புத்தகம் இருக்கிறது. தொழிலாளிக்கு டிரங்குப்பெட்டிதான்.

ஃபெர்குசன் டிரெக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், துரை பெயர் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். நம்மவர் பெயர்களை வேறு இடத்தில் தேட வேண்டும். தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோல், பழைய துண்டுச்சீட்டு, கழுத்தில் கட்டிவந்த தோட்ட இலக்கத் தகரம், இந்தியப் பாஸ்போர்ட் என்று எது கிடைத்தாலும் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது பிரஜாவுரிமை விண்ணப்பம். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலியாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்காக அலைந்து சேர்த்த காகிதங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த ஒரு கூட்டத்திடம் காகிதம் கேட்ட சட்டம் அது. அந்தக் கொடுமைதான் பெயர்களையும் நமக்கு விட்டுப்போயிருக்கிறது.

பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்பது பெரிய காரியம். வீட்டிலுள்ள மூத்தவர் அனுமதியில்லாமல் படம் பிடிக்காதீர்கள். மூலத்தை ஒருநாளும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

7. பதுளைக்குப் போனால் வேவெஸ்ஸ தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. சமசமாஜக் கட்சியின் சங்கம் முன்னின்றது. வேவெஸ்ஸவில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அதைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கு நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து துப்பாக்கிகளைத் தொழிலாளர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். லயத்து ஆட்கள் இப்படிச் செய்தார்கள் என்று நம் பள்ளிகளில் யார் சொல்லித்தந்தார்கள்? கட்சி வரலாற்றில் தலைவர்கள் பெயர் கிடைக்கும். சபையில் உட்கார்ந்த கொழுந்துக்காரியின் பெயரும் கவ்வாத்துக்காரரின் பெயரும் வேண்டும். அன்று பிள்ளையாக இருந்தவர்களுக்கு இப்போது 90 வயது தாண்டியிருக்கும். ஆகவே இந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள்.

8. இந்த மலைக்கு வந்த வேற்றாள் கதையையும் சேருங்கள்.

1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் 5,000 பேரளவில் தியத்தலாவை முகாமுக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்தவர் ஊர் திரும்பலாம் என்றபோது எங்கல்பிரெக்ட் என்பவர் மறுத்தார். இங்கேயே தங்கி, யால வனத்தின் முதல் காவலராகி, இங்கேயே இறந்தார்.

9. எழுதி முடித்ததும் மூன்று பிரதி எடுங்கள்.

ஒன்று கதை சொன்ன வீட்டுக்கு, ஒன்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு. மூன்றாவதை ஸ்கேன் செய்து நூலக நிறுவனத்தின் இணைய நூலகத்துக்குக் கொடுங்கள். சொன்னவரின் பெயரை அவர் சம்மதத்தோடு முதல் பக்கத்தில் போடுங்கள், சேர்த்தவரின் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும்.