பழைய மோட்டார் காரில் வெற்றிடக் குழாய்ப் பழுது

மும்பையில் வடாலாவை அடுத்த ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் உள்ளன. அங்கு வசிக்கும் ஊழியர் ஒருவர் அரசு ஏலத்தில் வாங்கிய பழைய அம்பாசடர் கார் ஒன்றை வைத்திருந்தார். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் இஞ்சின் பூட்டிய வண்டி அது. காலையில் உடனே கிளம்பும். நின்ற இடத்தில் சீராக ஓடும். மேட்டில் முழுவதும் மிதித்தால் நன்றாக இழுக்கும். ஆனால் சயானிலிருந்து தாணா செல்லும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் நிதான வேகத்தில் போகும்போது மட்டும் சோர்ந்து ஓடியது, இஞ்சின் சூடேறியது, பெட்ரோல் செலவு கூடியது. பாயிண்ட், கண்டென்சர், பிளக் ஆகிய மூன்றும் புதிதாகப் போடப்பட்டன. கார்புரேட்டர் இருமுறை கழற்றிக் கழுவப்பட்டது. பணம் செலவானதே மிச்சம்.

இப்பழுதின் இயல்பை அறிய, எரிதலுக்கு ஆகும் காலத்தை முதலில் கவனிக்க வேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் இஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கே ஆகிறது. பிளக்கில் பொறி தோன்றியவுடன் கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே பொறி தோன்ற வேண்டும். வேகம் மிகுந்தால் இன்னும் முன்னதாக வேண்டும். இதனை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைக்கட்டிகள் செய்கின்றன.

வேகத்தைத் தவிர மற்றொன்றும் உண்டு. காலைச் சிறிதளவே அழுத்தி ஓட்டும்பொழுது திராட்டில் தகடு சற்றே திறந்திருப்பதால், சிலிண்டருக்குள் செல்லும் கலவை குறைவாகவும் அடர்த்தியற்றும் இருக்கும். இத்தகைய கலவை மெல்ல எரியும். எனவே பொறி மேலும் முந்த வேண்டும். இவ்வேளையில் திராட்டிலுக்கு அப்பால் காற்றழுத்தம் மிகவும் குறைந்திருப்பதால், அவ்வெற்றிடத்தையே வேலைக்காரனாக அமர்த்தியுள்ளனர். கார்புரேட்டரில் திராட்டில் தகட்டின் விளிம்பருகே ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து மெல்லிய குழாய் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலுள்ள வட்டப் பெட்டிக்குச் செல்கிறது. பெட்டிக்குள் உள்ள டயாபிரம் என்னும் சவ்வு உறிஞ்சப்பட்டு, பாயிண்ட் பொருத்திய தட்டை, நடுத்தண்டு சுழலும் திசைக்கு எதிராக இழுக்கிறது. பொறி முந்துகிறது.

தகடு மூடியிருக்கும்போது துளை வெற்றிடத்திற்கு வெளியே நின்றுவிடும். முழுவதும் திறந்தாலோ வெற்றிடமே இராது. ஆகவே இக்கருவி பழுதுற்றால், நின்ற நிலையிலும் முழு மிதியிலும் குறை தெரியாது. இடைப்பட்ட நிலையில்தான் தெரியும். வண்டி பெரும்பாலும் ஓடுவதோ அந்த இடைப்பட்ட நிலையில்தான். பட்டறையில் நிறுத்தி உறுமவிட்டு மட்டும் சோதிப்போர் இப்பழுதைக் காணாமற் போவதில் வியப்பில்லை.

குடியிருப்பின் அருகே சாலையோரத்தில் வேலை செய்யும் தமிழ் மெக்கானிக் ஒருவர் குழாயின் டிஸ்ட்ரிபியூட்டர் முனையைக் கழற்றிப் பார்த்தார். கிளிப்பின் அடியில் ரப்பர் உறை வெடித்திருந்தது. இஞ்சின் சூட்டில் ரப்பர் முதிர்ந்துவிடும். இப்பொழுது விற்கப்படும் எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வகை ரப்பருக்கு ஒவ்வாது. புதிய உறை மாட்டப்பட்டது. விலை சில ரூபாய்தான்.

கதை இத்துடன் முடியவில்லை. மறுநாள் நெடுஞ்சாலையில் வண்டி நிதான வேகத்தில் விட்டுவிட்டு எரிந்து குலுங்கியது. முழுவதும் மிதித்தவுடன் குலுக்கல் நின்றது! “முன்பு சோர்வு மட்டும்தான், இப்போது குலுக்கலும் வந்துவிட்டதே” என்று உரிமையாளர் வருந்தினார். மெக்கானிக் மூடியைத் திறந்து, தட்டைக் கையால் நகர்த்திக் காட்டினார். தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் எர்த் கம்பி, உறைக்குள்ளேயே இழை இழையாக அறுந்திருந்தது. குழாய் வெடித்திருந்த காலமெல்லாம் தட்டு அசையவில்லை. ஆகையால் அறுந்த இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தன. தட்டு மீண்டும் அசையத் தொடங்கியதும் இணைப்பு விட்டது. முழு மிதியில் வெற்றிடம் நீங்கித் தட்டு பழைய இடத்திற்குத் திரும்பவே, குலுக்கலும் நின்றது. ஒரு பழுது மற்றொன்றை மறைத்து வைத்திருந்தது. இவ்விடத்தில் நுண்ணிழைகள் பலவற்றைக் கொண்ட, நன்கு வளையும் கம்பியே போடத்தக்கது. விறைப்பான சாதாரண வயர் சில மாதங்களில் அறுந்துவிடும்.

சோதனைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லிலிட்டர் சிரிஞ்சு போதும். குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெட்ரோல் ஆவி உள்ளே செல்லுமாதலால் அது வேண்டாம். இஞ்சினை நிறுத்தி, குழாயின் கார்புரேட்டர் முனையில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தித் தண்டை மெல்ல இழுக்கவும். மூடி திறந்த டிஸ்ட்ரிபியூட்டரில் தட்டு நகர்வதைக் காணலாம். அரை நிமிடம் பிடித்திருந்து தண்டை விட்டால், அது தானே உள்ளே ஓடிவர வேண்டும். ஓடிவராமல் நின்றால் எங்கோ காற்று புகுந்துவிட்டது. பிறகு குழாயை நீக்கிச் சிரிஞ்சைப் பெட்டியிலேயே பொருத்திப் பார்த்தால், குற்றம் குழாயிலா சவ்விலா என்பது தெளிவாகும். தண்டு ஓடிவந்தும் தட்டு அசையவில்லையென்றால், தட்டு துருவேறி இறுகியிருக்கிறது.

சோப்பு நீரைத் தடவிக் குமிழி தேடுவோரும் உளர். சைக்கிள் டியூபில் உள்ளழுத்தம் அதிகம், குமிழி வரும். இங்கோ வெளியழுத்தம் அதிகமாதலால் நீர் உள்ளே உறிஞ்சப்படுமேயன்றிக் குமிழி எழாது. வகுப்பில் வளிமண்டல அழுத்தம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டலாம்.

லூகாஸ் வகைப் பெட்டிகளின்மேல் மூன்று எண்கள் பொறித்திருக்கும். உதாரணமாக 5-17-10 என்றிருந்தால், 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் தட்டு அசையத் தொடங்கும்; 17 அங்குலத்தில் 10 பாகை நகர்ந்து நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், கிராங்க் தண்டின் கணக்கில் இது 20 பாகையாகும். பெட்டியை மாற்றும்போது எண்களை ஒப்பிட்டு வாங்க வேண்டும். உருவம் ஒத்திருப்பது போதாது.

பழுது நீக்கியபின் டைமிங்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்த அம்பாசடரில் சோர்வைப் போக்க எண்ணி முன்பே யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருந்தனர். குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிட்டு, குறித்த பாகையில் வைத்தபின்னரே குழாய் மீண்டும் மாட்டப்பட்டது.